தரங்கம்பாடிச் செப்புக்காசுக்குப் புளி வேண்டாம்

1620 முதல், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை, தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது. அங்கே புழங்கிய டேனிஷ் செப்புக்காசுகளில் அரசர் முகத்தைத் தேட வேண்டாம். கிரீடத்துக்குக் கீழே பின்னிய எழுத்துதான் அடையாளம். 'சி' எழுத்தோடு 7 இருந்தால் ஏழாம் கிறிஸ்தியான். 'எஃப்', 'ஆர்' எழுத்துகளோடு ரோமன் ஆறு இருந்தால் ஆறாம் பிரெடெரிக். பிற்காலக் காசுகளின் மறுபக்கத்தில் 4 காஸ், 10 காஸ் (காஸ் என்பது அங்கே புழங்கிய சிறு நாணய அலகு) என்ற மதிப்பும் ஆண்டும் இருக்கும்.

மேடாக நிற்கும் அந்த எழுத்து மிக மெல்லியது. புளி, எலுமிச்சை, விபூதி என்று தேய்த்தால் காசு பளபளக்கும், எழுத்து போய்விடும். எந்த அரசர் காசு என்றே தெரியாத செப்புத் துண்டை எந்தச் சேகரிப்பாளரும் விரும்புவதில்லை. கெட்டியாகப் படிந்த பழுப்பு, கரும்பச்சை மேற்பூச்சு காசுக்குக் கவசம். அதைத் தொடாதீர்கள்.

பயப்பட வேண்டியது, விரல் பட்டாலே உதிரும் வெளிர்பச்சைப் பொடிக்கு. கடலோர மண்ணில் கிடந்த காசுக்குள் உப்பு ஏறியிருக்கும். அதிலுள்ள குளோரைடு, காற்றின் ஈரம் பட்டதும் செம்பை உள்ளிருந்தே அரிக்கும். சந்தேகமானால் ஈரத்தாளோடு ஒரு மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளிகள் வந்தால் இந்த அரிப்பு நோய்தான்.

அத்தகைய காசைக் கண்ணாடிக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவிடுங்கள். குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் ஆகாது, அவற்றிலேயே குளோரைடு உண்டு. முதலில் மூன்று நாளுக்கொரு முறை, பிறகு வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். ஊறிய நீரில் குளோரைடு இருந்தால், சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட்டதும் வெண்மையாகக் கலங்கும். கலங்குவது நிற்கும் வரை ஊறல் தொடரட்டும். மாதக்கணக்கில் ஆகலாம், அவசரப்பட்டு நிறுத்தினால் பொடி திரும்ப வரும். (சில்வர் நைட்ரேட் தோலைக் கறுப்பாக்கும், கையுறை போடுங்கள்.) பிறகு பத்து நிமிடம் தூய அசிட்டோனில் மூழ்கவைத்தால் துளைகளில் தங்கிய ஈரம் வெளியேறும். நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் இதற்கு மாற்றாகாது, அதில் நிறமும் வாசனையும் கலந்திருக்கும்.

காய்ந்ததை மலிவான பி.வி.சி. உறையில் போடாதீர்கள்; அது நாளடைவில் அமிலம் கக்கிப் பச்சைப் பிசினாக ஒட்டும். மைலார் (பாலியெஸ்டர்) உறையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். டேனிஷ் ஈயக்காசு கையில் இருந்தால் மர அலமாரியே ஆகாது. மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும், அந்தப் பொடி நஞ்சு.

மண்ணில் கண்டெடுத்த காசின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசுகளை வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. இணையத்தில் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.