கலிஃபோர்னியாவில் மே முதல் அக்டோபர் வரை மஸ்ஸல் பறிக்கத் தடை: யாருக்கு, எதற்கு?

கலிஃபோர்னியாக் கடற்கரைப் பாறைகளில் கருநீல ஓட்டோடு கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் மஸ்ஸல் சிப்பியைப் பார்த்தால் சிப்பிக் கறி தெரிந்த யாருக்கும் கை பரபரக்கும். கேரளத்துக் கல்லுமேக்காயும் இதே குடும்பம்தான். ஆனால் ஆண்டுதோறும் மே 1 முதல் அக்டோபர் 31 வரை, சாப்பிடுவதற்காக அதைப் பறிக்கக் கூடாது. மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை போடும் இந்தத் தடை, விரிகுடாக்களையும் சேர்த்து கடற்கரை முழுவதற்கும் பொருந்தும்.

காரணம் கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்பாசிகள். அலெக்ஸாண்ட்ரியம் என்ற இனம் சாக்ஸிடாக்ஸின் என்ற நரம்பு நஞ்சை உண்டாக்குகிறது. சூடோ-நிட்ஸ்கியா இனத்தில் சில வகைகள் டொமோயிக் அமிலத்தைச் சுரக்கின்றன. மஸ்ஸல் கடல்நீரை ஓயாமல் உறிஞ்சி வடிகட்டி இரை தேடுவது. நுண்பாசியோடு வரும் நஞ்சு அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகும். மஸ்ஸலுக்கு ஒன்றும் ஆகாது. சாப்பிடுகிற நமக்குத்தான் ஆபத்து. 1927-ல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இப்படிச் சாப்பிட்ட 102 பேர் நோயுற்றார்கள், 6 பேர் இறந்தார்கள். இன்றைய கண்காணிப்புக்கெல்லாம் தொடக்கம் அதுதான். நம் பக்கமும் இது நடக்காதது அல்ல: 1997-ல் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள்.

100 கிராம் சதையில் சாக்ஸிடாக்ஸின் 80 மைக்ரோகிராமை எட்டினால் ஆபத்து. டொமோயிக் அமிலத்துக்கு அந்த அளவு ஒரு கிராம் சதைக்கு 20 மைக்ரோகிராம். இந்த அளவு நஞ்சை நாக்கு கண்டுபிடிக்காது, மூக்கும் கண்டுபிடிக்காது. வேகவைத்தாலும் பொரித்தாலும் நம்பும்படி அழியாது. எலுமிச்சை பிழிந்தால் சரியாகிவிடும் என்பதெல்லாம் சும்மா. கடல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும் உதவாது. தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கலாம்; செந்நிறமாகத் தெரியும் எல்லாப் பாசியும் நஞ்சுள்ளது அல்ல.

'பரிசோதனையில் நஞ்சு இல்லை என்று வந்த மாதத்திலும் எதற்குத் தடை?' என்று சிலர் முணுமுணுப்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடற்கரையில் ஒவ்வொரு பாறையிலும் தினமும் மாதிரி எடுக்க முடியாது, நஞ்சின் அளவோ சில நாட்களிலேயே எகிறிவிடும். ஆகவே தேதி வைத்து மொத்தமாக மூடுவது முரட்டு வழி என்றாலும் சரியான வழி என்றே நினைக்கிறேன்.

கடையில் விற்கும் மஸ்ஸலுக்கு இந்தத் தடை கிடையாது. மாநிலச் சான்று பெற்ற பண்ணைகள் தங்கள் சரக்கை அடிக்கடி பரிசோதனைக்குக் கொடுத்தாக வேண்டும். தூண்டில் இரைக்கு மஸ்ஸல் எடுப்பதும் இதில் வராது. கிளாம், ஸ்காலப் என்ற வேறு சிப்பி வகைகள் இரண்டும் பொதுத் தடையில் இல்லை என்றாலும், அவற்றின் கருநிற உள்ளுறுப்பை நீக்கிவிட்டு வெள்ளைச் சதையை மட்டும் சாப்பிடச் சொல்கிறார்கள். நஞ்சு அந்தக் கரும்பகுதியில்தான் அதிகம் தங்கும்.

நவம்பர் பிறந்துவிட்டால் கவலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நஞ்சு குறையாத மாவட்டங்களில் தடையை நீட்டிப்பார்கள், சில ஆண்டுகளில் மே மாதத்துக்கு முன்பே தொடங்கியும் விடுவார்கள். கிளம்பும் முன் சுகாதாரத் துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் அவர்களுடைய சிப்பித் தகவல் தொலைபேசியில் பதிவுச் செய்தியைக் கேளுங்கள். அப்புறம், தடை இல்லாத மாதங்களிலும் 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். ஒருவர் ஓட்டோடு 10 பவுண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது.

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வந்தால் சாக்ஸிடாக்ஸினைச் சந்தேகிக்க வேண்டும். பின்னால் தள்ளாட்டம், நாக்குழறல், மூச்சுத்திணறல் வரும். டொமோயிக் அமிலம் என்றால் முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி. முற்றினால் வலிப்பும் நினைவிழப்பும். இரண்டுக்கும் நஞ்சு முறிக்கும் மருந்து கிடையாது. ஆனால் மூச்சு நிற்காமல் கருவி வைத்துக் காப்பாற்ற முடியும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள், மிச்சமிருக்கும் சிப்பியைக் கொட்டிவிடாமல் பரிசோதனைக்கு எடுத்து வையுங்கள்.