நிறுவல்நீக்கம்

பெரியப்பாவின் மடிக்கணினியில் ஏதோ ஒரு இலவச மென்பொருள் தொற்றிக்கொண்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையின் மூலையில் எட்டிப்பார்த்து, 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று மிரட்டும். "நேத்தே டெலீட் பண்ணிட்டேன்டா தம்பி, இன்னிக்கும் வந்து நிக்குது" என்றார். போய்ப் பார்த்தேன். முகப்புத் திரையில் இருந்த ஐகானை இழுத்து மறுசுழற்சித் தொட்டியில் போட்டிருந்தார், அவ்வளவுதான். பெயர்ப்பலகையைக் கழற்றினால் குடியிருப்பவன் காலி செய்துவிடுவானா? ஐகான் என்பது வெறும் குறுக்குவழி. ஆள் உள்ளே பத்திரமாக இருந்தான்.

டெலீட் வேறு, அன்இன்ஸ்டால் வேறு. தமிழில் முன்னது அழித்தல், பின்னது நிறுவல்நீக்கம். பேச்சில் இரண்டையும் சேர்த்து "தூக்கிடு" என்று முடித்துவிடுகிறோம். குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

அன்இன்ஸ்டால் என்பதற்குள் இருக்கும் இன்ஸ்டால், கணினிக்குப் பல நூற்றாண்டுகள் மூத்த சொல். இடைக்கால லத்தீனில் 'ஸ்டல்லும்' என்றால் இருக்கை, நிற்குமிடம். அதுவே ஜெர்மானிய மொழிகளிலிருந்து லத்தீனுக்குப் போன சொல்தான். மாட்டுத் தொழுவத்தின் தடுப்பையும் சந்தைக் கடையையும் குறிக்கும் ஆங்கில 'ஸ்டால்' இதன் உறவு. திருச்சபையில் புதிதாகப் பொறுப்பேற்கும் குருவை, தேவாலயத்தில் அவருக்கென ஒதுக்கிய இருக்கையில் முறைப்படி அமர்த்துவதை 'இன்ஸ்டல்லாரே' என்றார்கள். பதவியில் அமர்த்துவதுதான் மூலப்பொருள். இயந்திரத்தைப் பொருத்துவது பிறகு வந்தது, மென்பொருள் கடைசியாக வந்தது.

நம் நிறுவு, நில் என்ற வேரிலிருந்து வருவது. சிலையை நிறுவுகிறோம், நிறுவனம், நிறுவனர் எல்லாம் இந்தக் குடும்பம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'என நிறுவுக' என்று பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே ஒரு கூற்றை அசையாமல் நிற்கவைக்க வேண்டும். இன்ஸ்டாலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

சிக்கல் அந்த 'அன்' முன்னொட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பல வினைகளுக்கு முன்னால் அதை ஒட்டி, செய்ததைத் திருப்பிவிடலாம். தமிழ் அப்படி வேலை செய்வதில்லை. கட்டியதை அவிழ்ப்போம், பூட்டியதைத் திறப்போம், சுருட்டியதை விரிப்போம், நட்டதைப் பிடுங்குவோம். ஒவ்வொன்றுக்கும் தனி வினை. நிறுவியதற்கு அப்படியொரு ஜோடி இல்லாததால், நிறுவல் என்ற பெயரோடு நீக்கு என்பதைச் சேர்த்துக்கொண்டோம். ஆண்ட்ராய்டு கைபேசியைத் தமிழில் வைத்துப் பாருங்கள், 'நிறுவல் நீக்கு' என்றே இருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள். நிறுவல்நீக்கு என்றால் நிறுவலை நீக்கு என்று விரியும், இரண்டாம் வேற்றுமைத்தொகை. அப்படியானால் 'செயலியை நிறுவல்நீக்கு' என்பதில் இரண்டு செயப்படுபொருள் வருகிறதே, தவறில்லையா? இல்லை என்பேன். 'அமைச்சரைப் பதவிநீக்கம் செய்தார்கள்' என்று நாளிதழில் படிக்கும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே அமைப்புதான் இது. இன்ஸ்டால் என்பதன் பழைய பொருளே பதவியில் அமர்த்துவது என்பதால், நாம் தெரியாமலே சரியான அச்சில் வார்த்திருக்கிறோம்.

பதவிநீக்க உவமை இன்னும் நீளும். ஒரு மென்பொருள் விண்டோஸில் நுழையும்போது தன் கோப்புறையோடு நிற்பதில்லை. பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ஏடு) வரிகளை எழுதும், கணினி தொடங்கும்போது தானும் எழும்படி ஏற்பாடு செய்துகொள்ளும், பயனர் கோப்புறைக்குள் அமைப்புகளைச் சேமிக்கும். விண்டோஸ் 95-க்கு முன்பு, எது எங்கே போனது என்பதற்குப் பொதுவான கணக்கே கிடையாது. 1995-ல் அந்தப் பதிப்புதான் 'ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸ்' என்ற பட்டியலைக் கண்ட்ரோல் பேனலில் வைத்தது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. நீக்கு என்று அழுத்தினால் பெரும்பாலும் விண்டோஸ் தானாக எதையும் நீக்குவதில்லை. அந்த மென்பொருள் வரும்போதே கொண்டுவந்த நிறுவல்நீக்கியைக் கூப்பிடும். பதவிநீக்க ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு பதவியில் இருப்பவரிடமே! அவர் நாணயமானவராக இருந்தால் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போவார். இல்லையென்றால் தன் ஆள்களை அங்கங்கே விட்டுவிட்டுத்தான் போவார்.

லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான டெபியனைப் பின்பற்றுபவர்கள் இந்த மிச்சத்தைத் துடைக்கத் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். 'ரிமூவ்' கட்டளை நிரலை எடுத்துவிட்டு அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' அவற்றையும் சேர்த்து வழித்தெடுக்கும். முன்னதை நீக்கு என்றும் பின்னதைத் துடைத்தெடு என்றும் சொல்லலாம். (தூய்மையாக்கு என்று மொழிபெயர்த்தால் வீட்டைப் பெருக்குவது போலத்தான் இருக்கிறது.)

கைபேசியில் இன்னொரு சொல் குறுக்கிடும்: முடக்கு. விற்கும்போதே உள்ளே வைத்து அனுப்பிய பல செயலிகளுக்கு 'நிறுவல் நீக்கு' பொத்தான் வராது, 'முடக்கு' மட்டும்தான் வரும். அவை பயனரால் எழுத முடியாத பகுதியில் இருப்பதே காரணம். முடக்கினால் செயலி இயங்காது, ஆனால் இடத்தைக் காலி செய்யாது. ஆகவே முடக்கத்தை நீக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், பெரிய நிறுவனங்கள் இயங்குதளத்தோடு தரும் செயலிகளை எளிதாக நிறுவல்நீக்க வழிவிட வேண்டும் என்கிறது. அதன்பின் 2024 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் விண்டோஸின் எட்ஜ் உலாவியைக்கூட நீக்க முடிகிறது.

பெரியப்பாவின் கணினிக்கு வருவோம். அமைப்புகளுக்குள் போய், பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று இரண்டு முறை கேட்டது. 'சிறப்புத் தள்ளுபடி தருகிறோம்' என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தது. கடைசியில் போனது. போன கையோடு உலாவியைத் திறந்து ஒரு கேள்வித்தாளை நீட்டியது: 'எங்களை விட்டு ஏன் போகிறீர்கள்?'

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார் பெரியப்பா. "வெளிய தள்ளினது நாம, போனது அது. நம்மளப் பாத்து ஏன் போறீங்கன்னு கேக்குதே!"