சான்றிதழ் இருந்தால் போதுமா?

விளையாட்டு வீரர்களின் கையெழுத்துப் பொருட்களைச் சரிபார்ப்பது என் தொழில். பந்தைக் காட்டும் முன்பே பலர் ‘இது அசல்தான்’ என்று சொல்லும் சான்றிதழை நீட்டுவார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். கையெழுத்தையே போலியாகப் போடுபவருக்கு ஒரு தாளை அச்சடிப்பது பெரிய காரியமா?

1990களில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் சிக்கிய கும்பல், போலிக் கையெழுத்தோடு போலிச் சான்றிதழையும் சேர்த்தே விற்றது. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லி ஒரு பேஸ்பால் பந்துகூடத் தயாராகியிருந்தது! ஆசை வந்துவிட்டால் ‘அவர் ஏன் பந்தில் கையெழுத்துப் போட்டார்’ என்று கேட்கத் தோன்றுவதில்லை.

விலை அதிகம் என்பதும் உத்தரவாதம் இல்லை. 2007இல் 28 லட்சம் டாலருக்கு விலைபோன, பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக, ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். அப்படி வெட்டிய பிறகும் அந்த அட்டை, தரமதிப்பீட்டு நிறுவனத்திடம் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தது.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் உருப்பெருக்கியில் மைக்கோட்டை. இயல்பாகப் போட்ட கையெழுத்தில் கோட்டின் முனை, கை போன வேகத்தில் மெலிந்து மறையும். பார்த்து வரைந்ததில் முனை மழுங்கி நிற்கும். பேனா தயங்கிய இடத்தில் மை திட்டாகத் தேங்கியிருக்கும். இரண்டு கையெழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தினால் இன்னும் சந்தேகப்படுங்கள். மனிதக் கை அப்படிப் போடாது, ஆட்டோபென் இயந்திரம் போடும்.

அப்புறம் புற ஊதா விளக்கு. 1930களின் பந்து என்கிறார்கள், ஆனால் அதன் தையல் நூல் நீலவெள்ளையாகப் பளிச்சிடுகிறது என்றால் தள்ளி வையுங்கள்; துணியை அப்படி ஒளிரவைக்கும் வெண்மையூட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாயின. பழைய சட்டையில் மட்டும் அவசரப்படக் கூடாது. பிற்காலத்தில் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும். போட்டியில் அணிந்த சட்டை என்றால், அன்றைய புகைப்படத்தில் தெரியும் தையல் பிசகும் கறையும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடலாம்.

திருட்டு வேறு வகை வேதனை. 2014இல் நியூ ஜெர்சியில் பேஸ்பால் வீரர் யோகி பெர்ராவின் அருங்காட்சியகத்தில் திருடுபோன, ‘உலகத் தொடர்’ என்ற பேஸ்பால் கோப்பையை வென்றதற்கான மோதிரங்களை உருக்கி வெறும் உலோகமாக விற்றுவிட்டார்கள். பந்தையோ சட்டையையோ உருக்க முடியாது, அவை கைமாறிக்கொண்டே இருக்கும். தெரியாமல் வாங்கியவரும் பெரும்பாலும் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும், பணமும் போகும். அதனால் விற்பவரிடம் அது யார் யாரிடம் இருந்தது, எந்த ஆண்டு வாங்கினார், ரசீது எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உங்களிடம் உள்ளதையும் கீறல், தையல் பிசகு தெரியும்படி நெருக்கத்தில் படம் எடுத்து வையுங்கள். திருடுபோனால் போலீஸில் புகார் கொடுத்த கையோடு ஏல நிறுவனங்களுக்கும் தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்கும் அந்தப் படங்களை அனுப்புங்கள். பொருள் மறுபடி விற்பனைக்கு வந்தால் முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.