பரணில் கிடக்கும் நெகடிவை ஒருமுறை இறக்கிப் பாருங்கள்

போன கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெரியம்மா என் ஸ்டூடியோவுக்கு வந்தார். மஞ்சள் பைக்குள்ளிருந்து துருவேறிய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரவுக எடுத்த படம்ப்பா. அவுக போயி பத்து வருசமாச்சு. இதுல ஏதாச்சும் தேறுமான்னு பாத்துச் சொல்லு."

மூடியைத் திறந்ததும் புளித்த காடி வாடை மூக்கில் ஏறியது. உள்ளே '120' என்கிற அளவு ஃபிலிம் ரோலின் நெகடிவ்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த அக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில் எடுத்தவை. ரோலுக்கு 12 சதுரப் படங்கள். ஒவ்வொரு துண்டையும் பட்டர் பேப்பர் உறையில் போட்டு, உறை மேல் பென்சிலால் ஊர் பெயர் எழுதி, அக்கறையாகத்தான் வைத்திருந்தார் அந்த மனிதர். முதல் உறையிலிருந்து நெகடிவை மெல்ல உருவினேன். வரவில்லை. உறையும் படமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸில் வைத்துக் குனிந்து பார்த்தேன். ஒட்டாத ஓரத்தில் ஒரு சின்னப் பையன் நிற்கிறான். அவன் நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் ஆலம் விழுது மாதிரிப் பூஞ்சை இறங்கியிருக்கிறது. ஒரு கண் இருக்கிறது, இன்னொன்று இல்லை.

கடற்கரையில் ஃபிலிம் இப்படித்தான் சாகிறது. பிளாஸ்டிக் தாளின் மேல் ஜெலட்டின் பூசி, அதற்குள் வெள்ளித் துகள்களைப் பதித்திருப்பதுதான் கறுப்பு வெள்ளை நெகடிவ். ஜெலட்டின் என்பது மாட்டெலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் புரதம். பூஞ்சைக்கு அது சாப்பாடு. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூஞ்சை தின்னத் தொடங்கிவிடும். தொண்டி முதல் சாயல்குடி வரை நம் கரையில் அந்த அளவைத் தாண்ட மழைக்காலம் வர வேண்டியதில்லை, சாதாரண ராத்திரியே போதும். காற்றோடு வந்து படியும் உப்பு இன்னும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காடி வாடை வேறு விஷயம். ஃபிலிமின் அடித்தாளான அசிடேட் பிளாஸ்டிக்கே சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருக்கும் நல்ல நெகடிவையும் பிடிக்கும். காற்றுப் போகாத டப்பாவில் எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்து வைப்பது, அம்மை கண்ட பிள்ளையோடு மற்றப் பிள்ளைகளையும் ஒரே பாயில் படுக்க வைப்பது போலத்தான்.

இந்தப் பக்கத்தில் இன்னும் ஃபிலிமில் படம் எடுக்கிற ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாம்பனில் கூடுவோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு ஃபிலிம் கழுவும் டெவலப்பர் ரசாயனத்தில் தொடங்கி, பிடித்த போட்டோகிராபர்களில் போய் முடியும். ஒரு தம்பிக்கு ரகுவீர் சிங் என்றால் உயிர். கறுப்பு வெள்ளைதான் கலை என்று உலகமே சொன்ன காலத்தில், இந்தியாவை வண்ணத்தில்தான் பார்க்க முடியும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் ஹோமாய் வியாரவாலாவைத்தான் சொல்வாள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், சேலை கட்டிக்கொண்டு ரோலிஃப்ளெக்ஸ் கேமராவோடு டெல்லித் தலைவர்களைத் துரத்தியவர். எனக்குப் பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன். ஒரு லைக்கா கேமரா, ஒரு 50 எம்எம் லென்ஸ். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு அவரைச் சந்தித்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்த ராத்திரியில் திருவண்ணாமலையில் இருந்தவரும் அவரேதான்.

அந்த மாதக் கூட்டத்தில் நான் டப்பா கதையைச் சொன்னேன். கார்த்தியே-பிரெசோனும் இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் தன் நெகடிவ்களில் வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்து, மற்றதைக் கழித்துவிட்டு, பிஸ்கட் டப்பாவில்தான் போட்டு வைத்தார். பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதர், 1932இல் எடுத்த அந்தப் படம் போருக்குத் தப்பி வந்த நெகடிவ்களில் ஒன்று.

"அப்ப அவரு டப்பா மட்டும் எப்படிண்ணே தப்பிச்சுச்சு?" என்றான் ரகுவீர் சிங் தம்பி.

"அது குளிர் நாடு தம்பி. அதே டப்பாவை நம்ம மண்டபம் ஊருல பத்து மழைக்கு வச்சிருந்தா, தாண்டுற மனுசனும் இருக்க மாட்டான், தண்ணியும் இருக்காது."

சிகாகோவில் பிள்ளை வளர்க்கும் வேலை பார்த்த விவியன் மாயரை எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்குக்கு வாடகை கட்டாததால் அங்கே இருந்த அவர் பெட்டிகள் 2007இல் ஏலத்துக்கு வந்தன. உள்ளே இருந்த நெகடிவ்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் பெரிதாகப் பார்க்காத படங்கள், இன்று உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. நெகடிவ் இருந்தது, அதனால் விவியன் மாயர் இருக்கிறார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அப்பா 30 வருடம் ஸ்டூடியோ நடத்தினார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை தயாரித்த 'இந்து' ஃபிலிமில் ஆயிரக்கணக்கான முகங்களை எடுத்தார். டிஜிட்டல் வந்த பிறகு, வெள்ளி பிரிக்கிறவர்கள் ஊர் ஊராக வந்து பழைய நெகடிவைக் கிலோ கணக்கில் வாங்கினார்கள். கடையில் இடம் வேண்டும் என்று இரண்டு சாக்கை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அடுத்த வருடமே, கடலுக்குப் போன கணவர் திரும்பாத ஒரு பெண், கைப்பிள்ளையோடு வந்தார். கல்யாணப் படம் எங்களிடம் எடுத்தது, வீட்டில் இருந்த ஒரே பிரிண்டும் மழையில் ஊறிப்போனது, இன்னொன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அப்பாவின் நோட்டைப் புரட்டினேன். தேதி இருந்தது, நெகடிவ் எண் இருந்தது, அட்வான்ஸ் வாங்கிய கணக்குகூட இருந்தது. நெகடிவ் இல்லை. அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, வீட்டில் நெகடிவ் வைத்திருப்பவர்களே, பிரிண்ட் இருக்கிறதே என்று அதை வீசாதீர்கள். பிரிண்ட் நகல்தான், மூலம் நெகடிவ். காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும் ஒரு மத்தியான நேரமாகப் பார்த்துப் பரணிலிருந்து இறக்குங்கள். காடி வாடை அடிக்கிறதை உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். அதை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும், அதற்கு அதிக நாள் இல்லை. பட்டர் பேப்பர் உறை குளிரூரில் சரி, நம் ஈரத்தில் அது ஜெலட்டினோடு ஒட்டிக்கொள்ளும். பழைய ஆல்பங்களின் பிவிசி பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான். பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் உறை என்று கேட்டு வாங்குங்கள். இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு, பைக்குள் இருக்கும் மணிகளின் நிறம் மாறியதும் அவற்றை வறுத்து உலர்த்திப் போடுங்கள். சிலிக்கா ஜெல் இல்லாத மூடிய டப்பா, நான் மேலே சொன்ன பிஸ்கட் டப்பாதான்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பூஞ்சை பிடித்த நெகடிவைத் தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். அழுக்குப் போகிறது என்று நினைத்துத் தேய்ப்பீர்கள், முகமே வழிந்து போய்விடும். ஒட்டியதை இழுக்கவும் வேண்டாம்.

புதிதாக ஃபிலிம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்றிரண்டு. தனுஷ்கோடியில் கச்சான் காற்றில் நின்று ரோல் மாற்றாதீர்கள். காருக்குள் உட்கார்ந்து மாற்றுங்கள், ஒரு மணல் துகள் போதும், 36 படத்திலும் கோடு விழும். டெவலப்பருக்கு 20 டிகிரி என்று எழுதியிருக்கும், நம் தொட்டித் தண்ணீர் சித்திரையில் 30ஐத் தாண்டும். ஐஸ் போட்ட வாளியில் பாட்டிலோடு வைத்து, டெவலப்பர், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்சர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தொடங்குங்கள். கடைசி அலசலுக்கு உவர்த் தண்ணீர் வேண்டாம். பிடித்து வைத்த மழைத் தண்ணீரே உத்தமம், இல்லாவிட்டால் ஆர்ஓ கேன். தீர்ந்துபோன ஃபிக்சரில் வெள்ளி இருக்கிறது, அதை ஊருணிப் பக்கம் ஊற்றாதீர்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் லென்ஸையும் உலர்ந்த டப்பாவுக்குள் வையுங்கள். தோல் பை ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், ஃபங்கஸ் கண்ணாடியையே அரித்துவிடும்.

பெரியம்மாவின் டப்பாவில் ஆறு உறை. நான்கு பிரிந்தன. அவற்றில் ஒரு படத்தில் பழைய பாம்பன் பாலம் இருக்கிறது. 1914இல் திறந்து, 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோன அதே பாலம். தூக்குப் பகுதி இரண்டாகப் பிளந்து நிற்கிறது, நடுவில் ஒரு படகின் பாய்மரம். கரையில் முக்காடிட்ட நான்கு பெண்கள், எல்லாருமே நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். ஸ்கேன் செய்து மானிட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன். பெரியம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு விரலை மூன்றாவது முதுகின் மேல் வைத்தார்.

"இது எங்க மதினி. இங்கிட்டு நிக்கிறது நான்."

மற்ற இரண்டு உறைகளும் சிலிக்கா ஜெல்லோடு என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றின் மேல் பென்சிலால் 'தனுஷ்கோடி' என்று எழுதியிருக்கிறது. 1964 டிசம்பர் புயலுக்கு முன்பா, பின்பா என்று போடவில்லை. நான் இன்னும் அதை இழுத்துப் பார்க்கவில்லை.