சாரல்ல விதைக்கு வயசாகுது

மார்கழி பொறந்தா எங்க செங்கோட்டை பக்கம் வீட்டுத் தோட்டத்துல பெருசா வேலை இருக்காது, மழை ஓஞ்சும் மண்ணு சொதசொதன்னு கெடக்கும், அதனால தைப்பட்டத்துக்கு எதை எங்க போடலாம்னு நோட்டை எடுத்துட்டு உக்காந்துருவேன். இந்தப் பாத்தில கத்தரி, வேலியோரம் பாவக்காய்னு கோடு போடுறதெல்லாம் சரிதான், ஆனா வச்சிருக்கிற விதைக்கு உயிர் இருக்கான்னு பாக்காம போட்ட பிளான் எனக்கு ஒரு தடவை நல்லா சொதப்பிருச்சு. வெண்டைப் பாத்தி முழுக்கத் தேடினாலும் 3 செடி. விதைக் கடைக்காரரைத்தான் ரொம்ப நாள் திட்டிட்டு இருந்தேன், பாவம் அவரு, தப்பு எங்க ஊர் சாரல் மேல.

நல்லா காஞ்ச விதைக்குள்ள தண்ணி ரொம்பக் கம்மி, செல்லுக்குள்ள இருக்கிறதெல்லாம் கண்ணாடி மாதிரி இறுகிப்போய் அசையாம கெடக்கும். வேலையே நடக்கலன்னா தேய்மானமும் கம்மிதானே. ஆனி ஆடில ஆரியங்காவு கணவாய் வழியா ஈரக்காத்து இறங்குறப்ப டப்பால இருக்கிற அப்பளம் நமுத்துப் போகும்ல, அதே மாதிரி விதையும் ஈரத்தை இழுத்துக்கும், இழுத்ததும் அந்த இறுக்கம் தளரும், ஆக்சிஜன் கொழுப்பைக் கெடுக்கும், செல் சவ்வு ஒழுக ஆரம்பிக்கும், டிஎன்ஏவும் அடிபடும். இதையெல்லாம் ரிப்பேர் பண்ற என்சைம் விதைக்குள்ளயே இருக்கு, ஆனா அது வேலை செய்யணும்னா முளைக்கப் போற அளவுக்கு விதை ஊறணும். நமுத்த விதை ரெண்டுங்கெட்டான், கெடுறதுக்குப் போதுமான ஈரம் இருக்கு, சரி பண்றதுக்கு இல்ல.

ஹாரிங்டன்னு ஒரு விதை விஞ்ஞானி இதுக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்லிருக்காரு, விதையோட ஈரம் 1 சதவீதம் குறைஞ்சா ஆயுசு ரெண்டு மடங்கு, வெப்பம் 5 டிகிரி குறைஞ்சா இன்னொரு ரெண்டு மடங்கு. இஸ்ரேல் பாலைவனத்துல மசாடா கோட்டைல கிடைச்ச சுமார் 2000 வருஷத்து பேரீச்ச விதை 2005ல முளைச்சதுன்னா அந்த ஊர் வறட்சிக்கு அதுல பெரிய பங்கு இருக்கு.

ஆச்சி விதையைச் சாம்பல்ல பொரட்டி அடுப்புக்கு மேல பரண்ல வைப்பா. அங்க சூடு ஜாஸ்தி, ஆனா காஞ்ச காத்து, சாம்பலும் ஈரத்தை உறிஞ்சிக்கும், வண்டையும் அண்ட விடாது. இப்ப கேஸ் அடுப்பு வந்து பரணும் போச்சு, நாம பாட்டுக்கு பேப்பர் கவரோட கிச்சன் ஷெல்ஃப்ல வச்சிருதோம். நான் இப்போ வறுத்து ஆறின அரிசியை அடில போட்டு மூடி இறுக்கமான பாட்டில்ல வைக்கேன். பாட்டிலை ஃபிரிட்ஜ்ல வச்சா இன்னும் நல்லது, ஆனா எடுத்த உடனே திறந்துராதீங்க, குளிர்ந்த விதை மேல தண்ணி வேர்த்துரும்.

எல்லா விதைக்கும் இது ஆகாது. ஆரியங்காவு சித்தி கொடுத்துவிட்ட சக்கக்குருவை, அதான் பலாக்கொட்டையை, அருமையா காய வச்சு ஃபிரிட்ஜ்ல பத்திரப்படுத்தினேன், ஒண்ணுகூட வரல. பலா, மா, ரப்பர் விதையெல்லாம் காஞ்சாலே செத்துப் போற ஜாதி, பழம் தின்ன கையோட ஊனிரணும். "கறி வைக்கத் தந்தத யாரு காயப் போடச் சொன்னா"ன்னு சித்தி கேட்டது தனிக்கதை.

காய்கறி விதையைச் சோதிக்க ஒரு ஈரத் துணி போதும். 20 விதையை எண்ணிப் பரப்பி, துணியைச் சுருட்டி, டப்பால போட்டு, காயாம தண்ணி தெளிச்சா அவரை ஒரு வாரத்துக்குள்ள வேர் விடும், கத்தரிக்கு பத்து நாள் கொடுக்கணும், பாவக்காய்க்கு ரெண்டு வாரம்கூட ஆகும். 20ல 10 வந்தா குழிக்கு ரெண்டு விதை கூட போடணும், 5 வந்தா புது விதை வாங்குறதுதான் புத்தி, ஏன்னா பாதிக்கு மேல செத்த கூட்டத்துல மிஞ்சினதும் நோஞ்சானாத்தான் இருக்கும், முளைச்சாலும் மெதுவா, கோணலா வரும்.

மார்கழிக் குளிர்ல முளைப்பு இழுக்கும், பாவக்காய்க்கு வெதுவெதுன்னு இருக்கணும், அதனால இப்ப சுருட்டின துணி எங்க வீட்டு செட்டாப் பாக்ஸ் மேல இருக்கு. 8 நாளாச்சு, பாவக்காய் 20ல 4 வால் விட்டிருக்கு, வெண்டை 17.