எரிமலைக் குமிழிக்குள் வளர்ந்த வளையங்கள்

சிங்கப்பூரின் தேக்காவில் பத்து வெள்ளிக்கு வாங்கிய வில்லை ஒன்று என் மேசையில் இருக்கிறது. அகேட் என்ற வளையக் கல்லை மெல்லியதாக அறுத்தெடுத்த துண்டு அது. கைத்தொலைபேசி விளக்கை அடியில் வைத்தால், நறுக்கிய வெங்காயம்போல வளையத்துக்குள் வளையம் தெரியும். ஓரத்தில் தேன் நிறம், அடுத்து பால்வெள்ளை, அப்புறம் செங்கல் சிவப்பு. நடுவில் கற்கண்டு உடைத்துப் போட்டதுபோல் படிகங்கள். மலாய்க்காரர்கள் இதை அகீக் என்பார்கள். தமிழ் முஸ்லிம்களின் மோதிரக் கல்லுக்கும் அதே பெயர்தான்.

புக்கிட் தீமா பாறையில் இதைத் தேடிப் பயனில்லை. அது நிலத்தடியில் மெதுவாக இறுகிய கருங்கல். அகேட் பெரும்பாலும் பிறப்பது எரிமலைக் குழம்பில். குழம்பு இறுகும்போது வெளியேற முடியாத வாயுக் குமிழிகள் குழிகளாகத் தங்கிவிடுகின்றன. பிறகு சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) கரைந்த நீர் பாறைக்குள் கசிந்து, குழியின் சுவரில் நுண்ணிய இழைகளாகச் சிலிக்காவைப் படியவிடுகிறது. அதன்மேல் இன்னொரு படலம், அதன்மேல் இன்னொன்று. மரத்தில் வெளிவளையம் இளையது. அகேட்டில் வெளிவளையம்தான் மூத்தது! இதை அறிந்தபின் என் வில்லையை ஓரத்திலிருந்து நடுவுக்குத்தான் பார்க்கிறேன்.

தூய சிலிக்காவுக்கு நிறமில்லை. மஞ்சளும் பழுப்பும் சிவப்பும் இரும்பின் வேலை. மஞ்சள் நிறக் கல்லைச் சூடாக்கினால் இரும்புத் தாதுவிலிருந்து நீர் பிரிந்து சிவப்பாகிறது. அகேட்டின் உறவான சூதுபவளத்தை இப்படித்தான் குஜராத்தில் பழங்காலம் முதல் சிவக்க வைக்கிறார்கள். தமிழகத்தின் பழைய ஊரான கொடுமணலில் இந்தக் கற்களை மணிகளாகக் கடைந்திருக்கிறார்கள். தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்ற தொல்லியல் தளத்திலும் அத்தகைய மணிகள் கிடைத்தன. 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமியில் பொறித்த பொற்கொல்லரின் உரைகல்லும் அங்கேதான் கிடைத்தது.

சரி, சேகரிப்பவர்களை இழுப்பது எது? ஒரே குழியில் விளைந்த கல்லை அறுத்தால்கூட, அடுத்தடுத்த வில்லைகளில் கோலம் மாறும். 2015 வாக்கில் இந்தோனேசியா முழுக்க அகீக் மோகம் பரவியது.

கடையில் கண்ணைப் பறிக்கும் நீலமும் ரோஜா நிறமும் பெரும்பாலும் சாயம். நுண்துளைகள் உள்ள படலம் சாயத்தை உறிஞ்சும். இறுக்கமான படலம் வெள்ளையாகவே நிற்கும். சூடேற்றிய சிவப்பை நான் குறையாக நினைப்பதில்லை, அந்த இரும்பு கல்லிலேயே இருந்தது. வாங்குமுன் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: சாயம் விரிசல்களில் அடர்ந்து தேங்கியிருக்கும்.