கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்

கடந்த மார்கழியில் ஒரு மாலை, வானம் பார்த்த பூமியான தென்மாவட்டத்து ஊராட்சி ஒன்றிலிருந்து மகளிர் குழுத் தலைவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தம் ஊர் ஊரணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடப்பதை அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று சொன்னதாகவும், கூட்டத்தைப் பார்த்துப் பதிவுசெய்யும் பற்றாளராக வந்திருந்த அலுவலர் தலையசைத்துக் குறித்துக்கொண்டதாகவும், ஆனால் இப்போது நான்கே வீடுகள் உள்ள ஒரு சந்தில் பேவர் பிளாக் கற்கள் வந்து இறங்கியிருப்பதாகவும் கூறினார். தீர்மான நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொன்னேன். ஒரு வாரம் அலைந்து வாங்கினார். அந்தச் சந்துக்குக் கல் பதிக்க ஒருமனதாக ஒப்புதல் அளித்தோர் வரிசையில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. "வந்ததுக்குத்தானே சார் கையெழுத்துப் போட்டேன்" என்றார். ஊராட்சிகளில் பயிற்சி அளிக்கும் என் பணியில் இந்த வாக்கியத்தைக் கேட்காத ஆண்டு ஒன்றுகூட இல்லை. இம்முறை பொறுமை போய்விட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி, பிறகு மேலே எழுதிக்கொள்ளும் வித்தையை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துக்காக ஏன் அவ்வளவு பரபரக்கிறார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருந்தால்தான் தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கை எட்டியதும் கூட்டத்தின் 'வேலை' முடிந்துவிட்டதாக நடத்துபவர்கள் நினைக்கிறார்கள். வராவிட்டால் நூறு நாள் வேலையில் பெயர் இருக்காது என்று சொல்லி வரவழைக்கப்பட்ட பெண்களும் அப்படியே நினைத்து, பதினோரு மணிக்கெல்லாம் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

எனக்கு இதைவிட எரிச்சலூட்டுவது வேறொன்று. கிராம சபையை மனு கொடுக்கும் இடம் என்று படித்தவர்களும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்திற்கு எடுத்துச் சென்ற அதே தாளில் தேதியை மட்டும் மாற்றி இங்கேயும் நீட்டுகிறார்கள். ஐயா, குறைதீர் கூட்டத்தில் நீங்கள் கேட்பவர், அங்கே அமர்ந்திருக்கும் அதிகாரி கொடுப்பவர். கிராம சபையில் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் நீங்கள். அரசியலமைப்பின் 243ஆவது பிரிவு, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரையும் சேர்த்துத்தான் கிராம சபை என்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் அந்தச் சபையின் உறுப்பினர். யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, யாரும் உங்கள் பதவியைப் பறிக்கவும் முடியாது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அவைக்குள் நுழைந்து, வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தும் பார்க்காமல், காவலரிடம் மனுவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் எப்படி இருக்கும்? நாம் செய்வது அதைத்தான். வந்திருக்கும் பற்றாளர் நடப்பதைப் பார்த்துப் பதிவுசெய்ய வந்தவரே தவிர, வரம் கொடுக்க வந்தவர் அல்லர். அவரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கும் முதியவர்களைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருகிறது, துக்கமும் வருகிறது.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3ஆவது பிரிவைப் பயிற்சியில் எப்போதும் உரக்கப் படிக்க வைப்பேன். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கும் ஆண்டு வரவுசெலவுக்கும் ஒப்புதல் தருவதும், தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பதும், நடக்கும் பணிகளின் முன்னேற்றத்தை ஆராய்வதும் கிராம சபையின் வேலைகள். ஊராட்சியிடம் பணமே இல்லை என்ற சமாதானத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக்குழு தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைப் பணிகளுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மழைநீர் சேமிப்பும் அதற்குள் அடங்கும். ஊரணியைப் பற்றிப் பேசிய அந்தப் பெண் கேட்டது, ஏற்கெனவே அதற்கென்று வகுத்து வைத்த பணத்தைத்தான். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று அந்தக் கடனை அடைத்த ஊரும் இதே சட்டத்தின் கீழ்தான் இயங்குகிறது. (மேடைதோறும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசுபவர்கள் ஒருமுறை ஓடந்துறைக்கும் பேருந்து ஏறலாம்.)

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கிராம சபைத் தீர்மானம் எல்லாவற்றுக்கும் செல்லும் மந்திரம் அன்று. ஊரணியும் குட்டையும் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துக்கும், அதைவிடப் பெரியது நீர்வளத் துறைக்கும் உரியவை. ஊராட்சிக்கு உரியதில் தீர்மானம் என்பது முடிவு. பிறருக்கு உரியதில் அது பரிந்துரைதான். இந்த வேறுபாடு தெரியாமல் மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்தத் தீர்மானம் போட்டுவிட்டு, நடக்கவில்லை என்றதும் கிராம சபையே வீண் என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

தலைவரே இல்லாதபோது கூட்டம் எதற்கு என்ற கேள்வியும் அண்மையில் அதிகமாகக் காதில் விழுந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. பதவிக்காலம் முடிந்தது தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும்தான். கிராம சபைக்குப் பதவிக்காலமே கிடையாது. கேள்வி கேட்க உள்ளூரில் தலைவர் இல்லாத காலத்தில்தான் இன்னும் கூடுதலாகப் போய் உட்கார வேண்டும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் சம்பாதித்து, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனம் பெரிது; ஆனால் சொந்தக் காசில் பொக்லைன் வைத்து ஊரணியை மட்டும் ஆழப்படுத்திவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். வரத்துக்காலை யாரோ வேலி போட்டு வளைத்திருப்பார்கள். அதை அளந்து மீட்க வருவாய்த் துறையை அசைக்க வேண்டும். அதற்குத் தனிமனிதர் ஒருவரின் வேண்டுகோளைவிடக் கிராம சபைத் தீர்மானத்துக்கு எடை அதிகம். அதைச் செய்யாததால், அடுத்த மழையிலும் அந்த ஆழமான ஊரணி வறண்டே கிடக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தருகிறது. அதாவது, நீங்கள் தனியாகச் செலவழித்த அதே பணத்தில் மூன்று மடங்கு வேலை நடந்திருக்கும்.

இனி, அடுத்த கூட்டத்துக்குப் போகும் முன் சிலவற்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் உள்ளன. தண்டோரா கேட்கவில்லை என்ற சாக்கு இனி வேண்டாம். ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். வரவில்லையென்றால் ஊராட்சிச் செயலரிடம் நீங்களே போய்க் கூட்டப் பொருளைக் கேளுங்கள். நீங்கள் பேச விரும்புவதை முந்தைய நாளே எழுதிக் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். வரவுசெலவைக் காட்டும் படிவம் 30 பலகையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதைக் கேட்டுவிட்டே மற்றதைப் பேசுங்கள். கூட்டம் எப்போதும் ஊரின் ஒரே பக்கத்தில் நடந்தால், குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் மாற்றச் சொல்லுங்கள். கோவில் வாசலில் நடத்தினால் அங்கேயே ஆட்சேபம் தெரிவியுங்கள், ஏனெனில் அந்த வாசலுக்கு வரத் தயங்குபவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். வருகைக்குக் கையெழுத்துக் கேட்டால், 'வருகைக்கு மட்டும்' என்று அருகில் எழுதிப் போடுங்கள். தீர்மானங்களை எழுதி முடித்து, உரக்கப் படித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு கிழித்த பிறகு அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு வெட்கப்படவோ பயப்படவோ வேண்டியதில்லை. அது உங்கள் சபையின் ஏடு.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களிடம் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன்: கைநாட்டு வைக்கும் முன், பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியை அழைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கும் வரை கட்டைவிரலை மையில் தொடாதீர்கள்.

என்னை அழைத்த அந்தப் பெண் ஜனவரி 26 கூட்டத்துக்கு இருபது பேருடன் போனார். பகல் இரண்டு மணிவரை யாரும் எழுந்து போகவில்லை; சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து புளிச்சோறு வந்ததாம். வரத்துக்காலை அளந்து தூர்வாருவது முதல் தீர்மானமாக எழுதப்பட்டு, படிக்கப்பட்டு, அதன் படமும் எனக்கு வந்து சேர்ந்தது. வேலை இன்னும் தொடங்கவில்லை. மதிப்பீடு பொறியாளர் மேசையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மார்ச் 22 அன்று அது எந்தத் தேதியில் அங்கே போனது என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.